வெறும் வகை

மேசைமேல் புருல் அக்காவின் நாற்பத்தொரு தாள்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துலிப் செடி, கிழங்கோடு காய்ந்து தட்டையாக ஒட்டப்பட்டிருந்தது. பதினோரு வசந்தங்கள் கராபுலாக் சரிவில் ஏறி இறங்கி அவர் சேர்த்தவை. இது தனிச் சிற்றினம் என்று எழுதிப் பெயரும் வைத்திருந்தார். அது சரிதானா என்று பார்த்துச் சொல்லும்படி எங்கள் தாவரவியல் நிறுவன இயக்குநர் என்னிடம் கொடுத்திருந்தார்.

அந்தச் சரிவில் பளிங்குக் கல்குவாரி வரவிருந்தது. தனிச் சிற்றினம் என்றால் மலையைத் தொட முடியாது. ஊரெல்லாம் பூக்கிற மஞ்சள் துலிப்பின் ஒரு வகைதான் என்றால் தடையில்லை. இதை இயக்குநர் ஒரு தடவைதான் சொன்னார். துறைத் தலைவர் பதவி இலையுதிர் காலத்தில் காலியாகிறது என்பதையும் வேறேதோ பேச்சுக்கு நடுவே சொன்னார்.

மூன்று வாரம் அளந்தேன். இதழின் நீளம், மகரந்தக் காம்பின் அடியிலிருக்கும் மயிர், கிழங்குத் தோலின் உட்புறம். பொய்யாக ஓர் எண்கூட எழுதவில்லை. சரிவில் கீழே வர வர அந்தச் செடிகள் சாதாரணத் துலிப்போடு கலந்துகொண்டே போயின. எங்கே கோடு கிழிப்பது? அக்கா ஓரிடத்தில் கிழித்திருந்தார், நான் அதை அழித்து, வெறும் வகைதான் என்று எழுதினேன். இன்னும் ஒரு வசந்தம் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கலாம். கையெழுத்துப் போடும்போது அது தோன்றியது. போட்டுவிட்டேன்.

என் மேசைக்கு எதிரே நின்றபடியே அக்கா அறிக்கையைக் கடைசிவரை படித்தார். மலை முகாம்களில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள் நாங்கள்.

"அளந்ததெல்லாம் சரிதான், அனார். எந்தப் பக்கம் வேணாலும் சாயலாம்னு இருந்த இடத்துல நீ எந்தப் பக்கம் சாஞ்சேன்னுதான் பார்க்கறேன்."

"இருக்கறதைத்தானே எழுதினேன், அக்கா."

"இருக்கறதையா? அடுத்த வருஷம் இருக்காதுடி."

அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். இலையுதிர் காலத்தில் பதவி எனக்கு வந்தது. வாழ்த்தியவர்களுக்கு நான் வாங்கி வைத்த கேக்கை, அக்காவின் அறையில் வேலை பார்த்தவர்கள் யாரும் தொடவில்லை.

ஏப்ரலில் யாரிடமும் சொல்லாமல் கராபுலாக் போனேன். சரிவின் மேல்பாதி வெட்டப்பட்டு, பல் விழுந்த ஈறு போல் குழிந்து, வெள்ளையாகத் தெரிந்தது. கீழே, இயந்திரம் இன்னும் வராத ஓரத்தில், அக்கா மண்டியிட்டுக் கிழங்குகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் ஒரு மாவுச் சாக்கு. நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து ஒரு செடியின் அடியில் விரலை விட்டேன். மண் ஈரமாக இருந்தது. கிழங்கு முழுசாக வந்தது.

அதைச் சாக்கில் போடக் கையை நீட்டினேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்கை இழுத்து இடப்பக்கம் வைத்துக்கொண்டு தோண்டினார்.