அண்ணன் சொன்ன மூன்று பெயர்கள்

மேனேஜர் நல்லவர்தான். அதுதான் வினையாகிப் போனது.

தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, கடைசியில் மூச்சும் நின்றுபோகும் நோய் அது. அந்த நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நிதி கொடுத்து, தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அடுத்து ஊற்றிக்கொள்ள மூன்று பேரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது சவால். ஊரே வீடியோவில் நனைந்துகொண்டிருந்தது. கொரியாவின் பூசான் நகரத்து அலுவலக மொட்டைமாடியில் மேனேஜரும் நனைந்தார். கேமராவைப் பார்த்துத் தழுதழுத்தார்.

"நம்ம யொங்சிக்கோட அண்ணனுக்கே இந்த நோய்தான். யொங்சிக், அடுத்து நீ."

யொங்சிக் அந்த வீடியோவைப் பாதியில் நிறுத்தினான். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக லீவு கேட்டபோது மேனேஜரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தான். அண்ணனுக்கே அது தெரியாது. வழக்கம்போல டாக்டர் வீட்டாரைத் தனியே அழைத்துத்தான் சொன்னார்.

"தெரிஞ்சா அந்த மனுஷன் சோத்தையே விட்டுடுவாரு தம்பி," என்று அண்ணி அழுதாள்.

கழுத்து எலும்புத் தேய்மானம் என்று டாக்டரையும் சேர்த்து மூவரும் கதை கட்டினார்கள். சொந்தக் கடையில் பச்சை மீனைச் சீவிப் பரிமாறி வந்த அண்ணன், கத்தி கைநழுவும்போதெல்லாம் கழுத்தைத் திட்டிக்கொண்டு ஆபரேஷனுக்குக் காத்திருந்தார்.

"அந்த வீடியோவ மட்டும் எடுத்துடுங்க சார்," என்று கெஞ்சினான் யொங்சிக்.

"ஏம்ப்பா? எத்தனை பேர் உனக்காக அழுறாங்க பாரு."

மேலதிகாரியிடம் அதற்கு மேல் பேச அந்த அலுவலகத்தில் எவனுக்கும் வாய் கிடையாது. யொங்சிக் கடைக்கு ஓடினான்.

மீன் வெட்டும் பலகை மேல் கிடந்த அண்ணனின் போனில் மேனேஜர் நனைந்துகொண்டிருந்தார். அண்ணி மீன் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றாள்.

"வாடா," என்றார் அண்ணன். "வாளியில ஐஸ் தண்ணி இருக்கு. என்னால தூக்க முடியல. நீ ஊத்து."

"அண்ணே, அது வந்து..."

"ஊத்துடா."

ஊற்றினான். முகத்தில் வழிந்ததைத் துடைக்க அண்ணனின் கை பாதிவரைதான் எழுந்தது. மூச்சு வாங்கியது.

"இப்ப நான் மூணு பேர் சொல்லணும், இல்ல? அந்த டாக்டர். உங்க அண்ணி. அப்புறம் நீ."

யொங்சிக் காலி வாளியைக் கீழே வைத்தான்.

"உங்களுக்குத் தண்ணியெல்லாம் வேணாம். எனக்கு இன்னும் எத்தனை நாளுன்னு யாராவது ஒருத்தர் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அங்கிருந்த இருவரும் மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.