பச்சோந்திக்கு ஒரு தூறல்

பேகம்பூரில் பம்ப் ஸ்டவ் ரிப்பேர் பார்த்த பக்ருதீனுக்கு மூக்கு இருந்தது. பார்க்க லட்சணமாகவும் இருந்தது. வாசனை மட்டும் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் மண்ணெண்ணெயோடு குடித்தனம் நடத்தியவனுக்கு மல்லிகைப்பூவும் ஒன்றுதான், தோல் பதனிடும் ஷாப்புக் காற்றும் ஒன்றுதான். இது அவனுக்கும் அவன் மனைவி நர்கீஸுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஸ்டவ் ரிப்பேர்காரனுக்கு மூக்குப் போய்விட்டது என்று ஊருக்குத் தெரிந்தால் யார் கடைப்படி ஏறுவார்கள்? ஆள் பார்க்கும்போது மோந்து பார்ப்பதுபோலக் குனிவான். கசிவை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவான். கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவனைக் கெடுத்தது.

அறுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில், பெண்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் செபாஸ்தியம்மாள் கடைக்கு வந்தார். கையில் ஸ்டவ் இல்லை. ஒரு பச்சோந்தியைப் பற்றிப் பேச வந்திருந்தார்.

"ஆத்தூர்ப் பக்கம் வேலியில கெடச்சது பாய். பள்ளிக்கூடத்துல கூண்டு அடிச்சு வச்சிருக்கோம். வயித்துல முட்டை இருக்கு. கிண்ணத்துல தண்ணி வச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. எலையில தொங்குற சொட்டைத்தான் நக்கிக் குடிக்குது."

"அப்ப தெளிச்சுவிட வேண்டியதுதான டீச்சரம்மா?"

"ஆயா மாயம்மா தெளிக்கத்தான் செய்யுது. ஆளு கிட்ட வந்தா அது கறுத்துப்போயி வாய இறுக்கிக்குது. ஆளில்லாத நேரத்துல தானாத் தூறல் விழணும். அம்புட்டுதான். மெசின் வாங்கப் பள்ளிக்கூடத்துல வசதி இல்ல."

தானாகத் தூறல்! பக்ருதீனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஊரெல்லாம் அடுப்பு எரிய வைத்தவனிடம் மழை பெய்ய வைக்கச் சொன்னால் சும்மா இருப்பானா?

மூன்றே நாளில் செய்து முடித்தான். எல்லாம் கடையில் கிடந்த கழிசல். ஒரு பழைய ஸ்டவ்வின் பித்தளை டாங்கியில் ஒரு செம்புத் தண்ணீர். சாயங்காலம் பம்ப் அடித்துக் காற்றை ஏற்றிவிட வேண்டும். டாங்கியிலிருந்து ஒரு செப்புக் குழாய் கூண்டின் உச்சிக்குப் போகும். அதன் நுனியில் ஸ்டவ் நிப்பிள். ஊசிமுனை அளவேயான அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பனிபோலச் சிதறும். குழாயின் நடுவில் ஒரு சின்னத் திருகு. அந்தத் திருகைத் திறப்பது யார்? அங்கேதான் பக்ருதீனின் மூளை வேலை செய்தது. அலாரம் கடிகாரம் அடிக்கும்போது பின்னாலிருக்கும் சாவி தானாகச் சுற்றுமல்லவா, அந்தச் சாவியில் நூலைக் கட்டி மறுமுனையைத் திருகில் கட்டினான். காலை ஆறு மணிக்குச் சாவி சுற்றும், நூல் இழுக்கும், திருகு திறக்கும். பச்சோந்தி பயந்துவிடக் கூடாதென்று மணியைக் கழற்றிவிட்டான்.

ராத்திரி முழுக்கக் காற்று இறங்காமல் நிற்க வேண்டும். புதுத் தோல் வாஷர் போட்டுப் பார்த்தான், பிடிக்கவில்லை. டாங்கியில் முதலிலேயே இருந்த பழைய வாஷர் கச்சிதமாகப் பிடித்தது. பத்து வருஷம் மண்ணெண்ணெயில் ஊறிய வாஷர். டாங்கியையும் வாஷரையும் சோடா உப்புப் போட்டு வெந்நீரில் நாலு தடவை கழுவினான். பிறகு பழக்கதோஷத்தில் குனிந்து மோந்து பார்த்தான். ஒரு வாடையும் இல்லை. எப்படி இருக்கும்? வீட்டுக்குக் கொண்டுபோய் நர்கீஸிடம் ஒரு தடவை நீட்டியிருக்கலாம். தோன்றத்தான் செய்தது. "சரியா கழுவலையே" என்று அவள் சொல்லிவிடுவாளோ என்ற ரோஷத்தில் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் மெசினைப் பொருத்தியபோது டீச்சர் முந்தானையால் மூக்கை லேசாக மூடியபடி நின்றார். ஜலதோஷம் போலிருக்கிறது என்று பக்ருதீன் நினைத்துக்கொண்டான். சாயங்காலம் தண்ணீர் ஊற்றிப் பம்ப் அடித்துச் சாவி கொடுக்கும் வேலை ஆயா மாயம்மாளுக்கு. டீச்சர்மார்களுக்கு ஸ்டவ்வில் டீ போடுகிறவளும் அவள்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே மூச்சு விடாமல் நின்றார்கள். சாவி சுற்றியது. கூண்டுக்குள் சன்னமாகத் தூறல் விழுந்தது. பச்சோந்தி ஒரு கண்ணை மேலேயும் ஒரு கண்ணைப் பக்கவாட்டிலும் உருட்டிப் பார்த்துவிட்டு, இலை நுனியில் தொங்கிய சொட்டை நக்கியது. பிறகு இன்னொன்று.

"அடி ஆத்தி, குடிக்குது டீச்சர்!" என்று மாயம்மாள் கிசுகிசுத்தாள். பக்ருதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு நாள் அவன் தரையில் நடக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பச்சோந்தி கூண்டின் அடியில் செத்துக் கிடந்தது. வயிற்றில் முட்டை அப்படியே இருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து பக்ருதீனைக் கூப்பிட ஆள் வந்தது. போனபோது தலைமையாசிரியையான பெரிய டீச்சர் கூண்டருகே நின்றிருந்தார். "எலையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. உங்க மெசின்ல இருந்து வருதா, என்னன்னு பாருங்க பாய்."

டாங்கியைத் திறந்தான். குனிந்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பழைய வாஷர் ஞாபகம் வந்தது. எனக்கு வாசனை தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் மறைத்ததை இத்தனை பொம்பளைகள் முன்னால் எப்படிச் சொல்வது?

"மெசின் சுத்தமா இருக்கும்மா," என்றான். அதோடு நிறுத்தினானா? இல்லை. "ஸ்டவ்வுக்கு எண்ணெ ஊத்துன கையோட யாராச்சும் தண்ணி ஊத்தியிருப்பாங்க."

யாராச்சும் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு ஆள்தான். மாயம்மாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார்.

நாலு நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் மாயம்மாள் கடைக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால்கூட பக்ருதீன் பிழைத்திருப்பான்.

"பாய், ஒங்க மெசின நாந்தான் கெடுத்துப்புட்டேன். எம்புட்டு ஆசையாச் செஞ்சீக. கையக் கழுவிட்டுத்தான் ஊத்துனேன், ஆனாலும் பாருங்க, இந்தப் பாழாப்போன கை." இரண்டு உள்ளங்கையையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "வாயில்லா சீவனக் கொன்னுட்டமேன்னு நாலு நாளா சாம்பலப் போட்டுத் தேய்க்கிறேன். எனக்கு இன்னும் அடிக்கிற மாதிரியே இருக்கு. ஒங்களுக்குத் தெரியாத வாடையா? மோந்து பாத்துச் சொல்லுங்க, போயிருச்சா?"

தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து, விரல் சந்தில் ரத்தம் கட்டியிருந்தது. பக்ருதீன் குனிந்தான். வேறென்ன செய்வான்?

"போயிருச்சு ஆயா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். பக்ருதீனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிய டாங்கி கடை மூலையில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வாசல்படியிலேயே நர்கீஸ் மூக்கைப் பொத்தினாள்.

"என்னங்க இது, கொடலப் புடுங்குது! எண்ணெ டாங்கிய எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டாறீங்க?"

மறுநாள் காலை பக்ருதீன் டாங்கியோடு பள்ளிக்கூடம் போகிற வழியில் மாயம்மாள் வீட்டில் நின்றான். "செத்த நேரம் பள்ளிக்கூடம் வரைக்கும் வா ஆயா" என்று மட்டும் சொன்னான். பெரிய டீச்சர், செபாஸ்தியம்மாள், மாயம்மாள் மூன்று பேர் முன்னாலும் டாங்கியை மேஜைமேல் வைத்தான்.

"எனக்கு வாசனை தெரியாதும்மா. மூக்குச் செத்து வருஷக்கணக்காச்சு. பழைய வாஷரப் போட்டது நானு. ஆயா மேல ஒரு குத்தமும் இல்ல."

காதெல்லாம் எரிந்தது. பெரிய டீச்சர் டாங்கியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினார். பிறகு மாயம்மாளைப் பார்த்து, "இன்னைக்கே வேலைக்கு வந்துரு" என்றார்.

செபாஸ்தியம்மாள் தலைகுனிந்து நின்றிருந்தார். "மொத நாளே எனக்கு வாடை அடிச்சது பாய்," என்றார் மெல்ல. "அது ஒங்க மேல இருந்து வருதுன்னு நெனச்சேன். ஒரு மனுசங்கிட்ட அத எப்பிடிச் சொல்றதுன்னு கூச்சமா இருந்துச்சு. சொல்லியிருந்தா அது பொழச்சிருக்கும்."

பக்ருதீன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். இத்தனை வருஷமாகத் தன்னிடம் பேசியவர்கள் எல்லாம் ஏன் ஒரு எட்டுத் தள்ளியே நின்றார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அதற்காக வெட்கப்படக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாயம்மாள் அவன் எதிரே வந்து நின்றாள்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளைபோலத்தான் பார்த்தாள். உரிந்த உள்ளங்கையை ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டாள்.

"வாசனை தெரியாதுங்கிறீகளே பாய்," என்றாள். "அப்ப அன்னைக்கி எங்கையில வாடை போயிருச்சுன்னு எதை வச்சுச் சொன்னீக?"