வளர்ப்பவர் கையொப்பம்

நாயை எங்கே அடைப்பது என்பதில்தான் அன்று காலை முதல் தகராறு வந்தது. அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் உட்கார நாற்காலி போதாமல், மகள் மாடி வீட்டில் இரவல் வாங்கி இரண்டு இரண்டாகத் தூக்கிவந்து போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, வாசலில் செருப்பைக் கழற்றும் ஒவ்வொருவர் மேலும் குட்டி முன்னங்காலைத் தூக்கிப் போட்டது. குட்டி என்பது நாயின் பெயர். உள்ளங்கையில் அடங்கிய காலத்தில் தம்பி வைத்தது. இப்போது நாற்பது கிலோ; கடைசி நாட்களில் அம்மாவே அவ்வளவு இருந்திருக்கமாட்டாள்.

“அதைப் பின்ரூம்ல அடைடா,” என்றாள்.

“அது ஒண்ணும் பண்ணாதுக்கா. அதுக்கும் அம்மாவைப் பார்க்கணும்னு இருக்காதா?”

ஒண்ணும் பண்ணாது. ஆறு வருடமாக அவள் கேட்டுவரும் பாட்டு. பார்சல் கொண்டுவந்தவர் மதிலேறிக் குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டபோதும் இதையேதான் சொன்னான். எதிர்வீட்டுப் பெண்ணின் பள்ளிக்கூடப் பையைக் கிழித்தபோதும் இதையேதான். பண்ணுவதற்கு முன்னாலும் அதே பேச்சு, பண்ணி முடித்த பிறகும் அதே பேச்சு. அம்மா அவனுக்கு ஒத்து ஊதுவாள். “பாவம், வாயில்லா ஜீவன்,” என்பாள். அடிபட்டவர்களுக்கு வாய் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கடைசியில் சித்திதான், அம்மாவின் தங்கை, கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்ப் பின்ரூமில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். நாய் உள்ளேயிருந்து பிராண்டியது. தம்பி, முப்பத்து நாலு வயது ஆண்பிள்ளை, யாரோ அவனை அடித்துவிட்டது போல முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தான்.

அம்மா விழுந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. காலையில் பூங்காவுக்கு நடக்கப் போனவள் நடைபாதையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது என்றார்கள். பதினோராவது நாள் மாலை நுரையீரலில் ரத்தம் கட்டி, மூச்சு வாங்கி, அரை மணி நேரத்தில் போய்விட்டாள்.

“தண்ணியில வழுக்கிடுச்சு,” என்று ஆஸ்பத்திரியில் முதல்நாள் அம்மா சொன்னாள். “ஆமாக்கா, தோட்டக்காரன் தண்ணியை விட்டு வெச்சிருக்கான்,” என்று பக்கத்திலிருந்து தம்பி எடுத்துக்கொடுத்தான்.

அது போதும் அவளுக்கு. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவள். எந்தப் புகார் குப்பைக்குப் போகும், எது மேலதிகாரியைத் தூங்கவிடாது என்பது அவளுக்கு அத்துப்படி. அழுது எழுதக்கூடாது, தேதி, நேரம், இடம், ‘அலட்சியம்’ என்ற சொல் இரண்டு முறை, கடைசி வரியில் ஒரு கெடு. மூன்றாம் நாள் நகராட்சிக்கு எழுதிப்போட்டாள். ஐந்தாம் நாள் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட தோட்டப் பணியாளர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டார்.

அந்தப் பணியாளர்தான் இப்போது, காலை பத்து மணிக்கு, வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு முதலில் யாரென்று தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், தோய்த்த சட்டை, நகக்கண்ணில் போகாத மண். உள்ளே வராமல் படியோரமாகவே நின்றார்.

“பார்க்குல வேலை பார்த்தேம்மா. அன்னிக்கு உங்க அம்மாவைத் தூக்கி வண்டியில ஏத்தினது நான்தான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “இங்க எதுக்கு வந்தீங்க?” என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள், ஆனால் சித்தி திரும்பிப் பார்த்தாள்.

“அம்மாவைப் பார்த்துட்டுப் போகலாம்னு. அப்புறம் ஒரு விஷயம்.” அவர் மதிலோரம் நகர்ந்தார். அவளும் போனாள். “அன்னிக்கு அந்தப் பாதையில நான் தண்ணியே விடலைம்மா. குழாய் உடைஞ்சு மூணு நாளா எல்லாம் காய்ஞ்சு கிடந்துச்சு.”

“அப்ப இதை ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். தண்ணியில்லாம எப்படிய்யா வழுக்கும், அந்தம்மா பொய்யா சொல்லுதுன்னு கேட்டாங்க. அதுக்கு மேல நான் வாயைத் திறக்கலை.”

“ஏன்?”

“உங்க அம்மா கேட்டுக்கிட்டாங்க. கீழ கிடந்தபடியே என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, நாயைப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க, என் பையன் தாங்கமாட்டான்’னாங்க. சரிம்மான்னுட்டேன். அந்த நிலைமையில ஒருத்தங்க கேக்கறப்ப வேற என்ன சொல்றது? எழுந்து நடமாடினாங்கன்னா அவங்களே வந்து ஆபீஸ்ல சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்.”

பின்ரூமிலிருந்து நாய் குரைத்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தார்.

“இதுதாம்மா,” என்றார். “வாரை அவிழ்த்துத் தன் கழுத்துல மாலை மாதிரி போட்டுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்து போன் பார்த்துட்டு இருந்தாரு உங்க தம்பி. எப்பவும் அப்படித்தான். நாயை அவிழ்த்துவிடக் கூடாதுன்னு கேட்ல போர்டு இருக்கு, காட்டிச் சொன்னா, உன் வேலையைப் பாருன்னுவாரு. அன்னிக்கு உங்க அம்மா அந்தக் கோடியில திரும்பி வர்றதைப் பார்த்துச்சு. ஒரே ஓட்டம். நேரா நெஞ்சு மேல தாவிடுச்சு. கோவத்துல இல்லைம்மா, அவங்களைப் பார்த்த சந்தோஷத்துல. அப்புறமும் விடலை. கீழ கிடந்தவங்க முகத்தை நக்கிக்கிட்டே இருந்துச்சு.”

அவளுக்கு அந்த ஐந்தாம் நாள் ஞாபகம் வந்தது. நகராட்சியின் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்று, பெருமையாகவே, படித்துக்காட்டினாள். “ஆளை வீட்டுக்கு அனுப்பிட்டாங்கம்மா.” அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வலி என்று நினைத்து அவள் நர்ஸைக் கூப்பிட ஓடினாள். அதற்குப் பிறகு ஆறு நாள் அம்மா நினைவோடு இருந்தாள். தண்ணீர் கேட்டாள், தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள், தம்பி சாப்பிட்டானா என்று வேளை தவறாமல் கேட்டாள். இதை மட்டும் சொல்லவில்லை.

கூடத்தில் படுத்திருப்பவளை எழுப்பி உட்காரவைத்துக் கேட்கவேண்டும் போல இருந்தது அவளுக்கு. அப்படி ஒரு கோபம். செத்துப்போனவள் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. அவளுக்கே பயமாக இருந்தது.

தோட்டக்காரர் உள்ளே போய், அம்மாவின் காலடியில் சற்று நேரம் நின்றார். தம்பி அவரைப் பார்த்ததும் எழுந்து பின்ரூமுக்குப் போனான். அவளும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். நாய் அவள் மேல் தாவியது. முழங்காலை மடித்து அதைத் தள்ளிவிட்டாள்.

“வழுக்கிடுச்சுன்னு சொன்னே.”

அவன் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். “அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க.”

“அந்த ஆளுக்கு வேலை போச்சுடா.”

“நானா புகார் எழுதினேன்? நீதானே எழுதினே.”

பொய்யை ஊட்டிவிட்டவன் அவன். அதற்குக் கையும் காலும் வைத்து நகராட்சி வரைக்கும் நடத்திக்கொண்டு போனது அவள். அதில் அவன் சொன்னது சரிதான்.

“இப்ப சொன்னா மட்டும் அம்மா திரும்பி வந்துடுவாங்களா?” என்றான். அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. “நான் மட்டும் சும்மாவா இருக்கேன்? என் கண்ணு முன்னாலதானே விழுந்தாங்க. அம்மா கடைசியா கேட்டது அது ஒண்ணுதான்கா. அதைக் காப்பாத்தலாமே.”

வெளியே சித்தி கூப்பிட்டாள். வண்டி வந்துவிட்டது.

அடக்கம் பதினொன்றரைக்கு முடிந்தது. தம்பி குழியருகே விம்மி விம்மி அழுதான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்தார்கள். அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதையும் இரண்டு பேர் கவனித்தார்கள். வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டு முடித்தபோது மணி மூன்று. செருப்பில் ஒட்டிய மயானத்து மண்ணோடு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“அம்மாவை அனுப்பிட்டு வந்த கையோட எங்கடி போறே?” என்றாள் சித்தி.

“நகராட்சிக்கு. நாலரை வரைக்கும்தான் இருப்பாங்க.”

“நாலு நாள் கழிச்சுப் போனா ஆகாதா?”

நாலு நாள் கழித்தால் போகமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் எதையும் பூசி மெழுக நாலு நாள் தாராளம். படியிறங்கினாள். தெருமுனையில், அவள் வரச்சொல்லியிருந்தபடி, தோட்டக்காரர் காத்திருந்தார்.

அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் குமாஸ்தா பழைய புகாரை எடுத்துவைத்து, புதிதாக ஒரு தாளைக் கொடுத்தாள். அவள் எழுதினாள். பதினாறு வருடப் பழக்கம் கைகொடுத்தது: ‘தவறான தகவலின் அடிப்படையில் மேற்படி புகார் அளிக்கப்பட்டுவிட்டபடியால்.’

குமாஸ்தா படித்துப் பார்த்தாள். “தவறான தகவல்னு போட்டிருக்கீங்க. யார் கொடுத்தாங்க? அது வேணும் மேடம். இல்லைன்னா இவரைத் திரும்ப எடுக்க முடியாது.”

“என் தம்பி.”

“முதல் மனுவுல உங்க அம்மாவே சொன்னதா இருக்கே.”

இந்த மாதிரி ஓட்டையை வாடிக்கையாளர்களின் கடிதத்தில் அவளே தினமும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவாள். தாளை வாங்கிக்கொண்டாள். தோட்டக்காரர் எட்ட இருந்த பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுதினாள்: ‘என் தாயார் என்னிடம் சொன்னது பொய்.’ மண்ணுக்குள் வைத்து நாலு மணி நேரம் ஆகவில்லை. எழுத்துக் கோணாமல்தான் வந்தது.

அதற்குக் கீழே நடந்ததை நடந்தபடி எழுதி, தம்பியின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். “நாய்க்காரர் மேல நடவடிக்கை எடுப்பீங்கதானே?”

“அதுக்குத்தான் உரிமத்தைப் பார்க்கணும்.” குமாஸ்தா உள்ளே போய் ஒரு கோப்போடு வந்தாள். புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்று, அவளையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தாள். “மேடம், இந்த நாய் உங்க அம்மா பேர்ல இருக்கு.”

கோப்பைத் திருப்பிக் காட்டினாள். அம்மாவின் சின்னப் புகைப்படம். அம்மாவின் குண்டுகுண்டான கையெழுத்து. பொது இடங்களில் வாரில் பிடித்தே அழைத்துச் செல்வேன், பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வேன், நேர்ந்தால் முழுப் பொறுப்பும் ஏற்பேன். மூன்று வரிக்கும் எதிரே மூன்று கையெழுத்து. ‘நாய் வளர்ப்பதற்கான காரணம்’ என்ற இடத்தில், ‘மகன் ஆசைப்பட்டான்’ என்று எழுதியிருந்தது.

“உரிமையாளருக்குத்தான் நோட்டீஸ் அனுப்ப முடியும்,” என்றாள் குமாஸ்தா. “அவங்க இறந்துட்டாங்க. அதனால அதை இதோட மூடிடுவோம். இவர் நாளைக்குக் காலையில வேலைக்கு வரலாம். ஆனா நாயை வேற யாராவது தன் பேருக்கு மாத்திக்கணும். பதினஞ்சு நாள் டைம்.” புதிய படிவம் ஒன்றை நீட்டினாள். அதே மூன்று வரி, எதிரே மூன்று வெற்றிடம்.

“யாரும் போடலைன்னா?”

“வண்டி வந்து தூக்கிட்டுப் போயிடும்.”

வெளியே வந்ததும் அவள் தோட்டக்காரரிடம், “என்னை மன்னிச்சிடுங்க,” என்றாள்.

“உங்ககிட்ட வழுக்கிடுச்சுன்னுதானே சொன்னாங்க,” என்றார் அவர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. காலையில் சீக்கிரம் எழவேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கைப்பையில் போன் அடித்தது. தம்பி.

“எங்கக்கா போயிட்டே? குட்டி காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. அதுக்கு அம்மா என்ன வைப்பாங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள். “ஒரு ஃபார்ம் கொண்டுவரேன். நீ கையெழுத்துப் போடணும்.”

“என்ன ஃபார்ம்?”

சொன்னாள். அந்தப் பக்கம் நாய் எதையோ உருட்டுவது மட்டும் கேட்டது.

“அதெல்லாம் எனக்கு ஒத்துவராதுக்கா,” என்றான். “உன் பேர்லயே போட்டுடேன்.”

அவள் போனை அணைத்தாள். படிவம் பையில் வைத்தால் மடங்கிவிடும். கையில் விரித்துப் பிடித்தபடியே வீட்டுப்பக்கம் நடந்தாள்.