முப்பத்திரண்டாம் துண்டு

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் மூன்று வாரமாகச் செய்த காகிதப் பந்தைத் தலைமையாசிரியை இரண்டே விரலால் தூக்கினார், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல.

"என்ன இது?"

"பந்து மேடம்," என்றாள் கணக்கு டீச்சர்.

"பந்தா? மாடு மென்னு துப்புன மாதிரி இருக்கு."

அப்படித்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பன்னிரண்டு ஐங்கோணம், இருபது அறுகோணம். ஒவ்வொரு மடிப்பிலும் பசை வழிந்து, பென்சில் சீவலும் தலைமுடியும் அதில் ஒட்டியிருந்தன. ஆனால் உருண்டையாக இருந்தது. முதல் வாரம் வெறும் அறுகோணங்களாக ஒட்டி, அது மேஜையோடு தட்டையாகப் படுத்துக்கொண்டதும், "டீச்சர், இது பந்து இல்ல, பாத்ரூம் தரை," என்று சொன்னவள் சுண்டெலி. வகுப்பிலேயே சின்ன உருவம், பெரிய வாய். நடுவில் ஓர் ஐங்கோணம் நுழைந்ததும் காகிதம் தானாகக் குழிந்து எழுந்தது. அன்று ஐந்து பேரும் போட்ட கூச்சலைக் கணக்குப் பாடத்தில் டீச்சர் அதுவரை கேட்டதில்லை.

பந்து குப்பைக்கூடைக்குப் போனது. தலைமையாசிரியை விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். கடையில் வாங்கியது. இயந்திரம் வெட்டியது. பளபளவென்று மின்னியது.

"நாளைக்கு ஆய்வுக்கு அதிகாரி வர்றாரு. அஞ்சு பேர் பேரையும் எழுதி இதுல ஒட்டு. என்ன பேசணும்னு புள்ளைங்களுக்குப் பழக்கிடு. உன்ன நிரந்தரமாக்குற ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்குல்ல?"

இல்லாமலா? அவள் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்றைக் கண்ணால் கண்டதே அவள்தான். அம்மா அந்தக் காகிதத்தைக் கை கழுவிவிட்டுத்தான் தொடுவாள். அப்படி வாங்கிய பட்டம் பெயர்ச்சீட்டு ஒட்டத்தான் பயன்பட்டது. ஒட்டினாள். அந்தக் கையால் அன்று சோறு பிசையப் பிடிக்கவில்லை. பழைய பந்தை மட்டும் குப்பையிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"யார் செஞ்சது?" என்று ஒத்திகை பார்த்தாள்.

"நாங்கதான் சார்!"

"டீச்சர், இதுல நம்ம பசையே இல்லையே?" என்றாள் சுண்டெலி.

"வாய மூடு."

சொன்ன பிறகுதான் டீச்சருக்கு உறைத்தது. அது தலைமையாசிரியையின் குரல். தன் தொண்டைக்குள் எப்போது குடிவந்தது?

மறுநாள் வந்த அதிகாரி நல்ல மனிதராகவே தெரிந்தார். பந்தைக் கையில் எடுத்தார். "கடைசித் துண்ட எப்படிம்மா ஒட்டுனீங்க? உள்ள கை போகாதே?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி. சுண்டெலி குதித்து முன்னால் வந்தாள். "முப்பத்திரண்டாவது துண்டு நடுவுல ஊசியால ஓட்ட போட்டு, நூலக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டோம் சார். மடிப்ப உள்ள தள்ளிட்டு வெளியிலேர்ந்து இழுத்துப் பிடிச்சா ஒட்டிக்கும். அப்புறம் நூல வெட்டிட்டோம்!"

அதிகாரி பந்தைத் திருப்பினார். மீண்டும் திருப்பினார். எந்தத் துண்டிலும் ஊசி ஓட்டை இல்லை. தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் சிரித்தார். இவரும் சிரித்தார். "ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க," என்று சொல்லி ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரியும், ஒருவருக்கும் கூசவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆளின் முகம்தான் சுருங்கியிருந்தது. "டீச்சர், நான் பொய் சொல்லிட்டேனா?"

டீச்சர் பைக்குள் கையை விட்டாள். பிசுபிசுத்த, ஒரு பக்கம் நசுங்கிய பந்தை அதிகாரி கையெழுத்திட்ட தாளின் மேலேயே வைத்தாள். "அந்த ஊசி ஓட்ட இதுல இருக்கு சார். இதத்தான் இவங்க செஞ்சாங்க. அத வாங்குனது மேடம். பேர் ஒட்டுனது நான்."

"அறிவிருக்கா உனக்கு?" தலைமையாசிரியையின் குரல் கிறீச்சிட்டது. "அந்த ஆர்டர கிழிச்சிப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"கிழிங்க மேடம். கைய மட்டும் துடைச்சிக்கோங்க."

அதிகாரி மூக்கைச் சுளித்து, பந்துக்கு அடியிலிருந்து தாளை உருவப் பார்த்தார். வரவில்லை. பசை இன்னும் காயவில்லை.