நான்காம் விரலுக்கு இட்ட ஈயம்

1

இக்கதை நான் செய்த ஒரு வஞ்சனையிலிருந்து பிறந்தது. தொழிலால் நான் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவன்; நாற்பத்தெட்டாம் வயதில் கதை எழுதக் கற்றவன். ஆதலின் முறைப்படி தொடங்குகிறேன்:

“பேரரங்குகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் பியானோ வாசித்த கலைஞர் ஒருவர் இருந்தார். அவர்தம் புகழ் கடலினும்...”

[அடித்துவிட்டேன். அவர் இருக்கிறார், “இருந்தார்” என்று எழுத நான் யார்?]

2

அந்தக் கலைஞர் ஓர் அம்மையார். அவருடைய வலக்கை மோதிரவிரல் சொற்பேச்சுக் கேளாமல் போயிற்று. பியானோவின் கட்டையை அழுத்த அதற்கு வலுவில்லை. மருத்துவர்கள் கைவிரித்தனர். ஓராண்டாகக் கச்சேரி இல்லை. அவர் படுக்கையே கதியெனக் கிடந்தார். ஒருநாள் அவருடைய கணவர் என்னை வாசலிலேயே மறித்தார்.

“அண்ணே, கட்டையெல்லாம் கொஞ்சம் இலேசாக்கிடுங்க. அவ எந்திரிச்சு உக்காந்தா போதும். அவகிட்ட மூச்சு விடாதீங்க.”

“கண்டுபிடிச்சிடுவாங்க சார்.”

“மாசத்துக்கு இத்தனூண்டு பண்ணுங்க. என் தொப்பை வளந்ததையே அவ கண்டுபிடிக்கல.”

சுருதி பார்க்கும் சாக்கில் மாதந்தோறும் சென்றேன். எல்லாக் கட்டைகளின் முன்புறத்திலும் ஈயத் துண்டுகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன்.*

* ஈயத்தின் கனம் கட்டையைக் கீழே இழுக்கும்; விரலுக்கு வேலை குறையும்.

3

ஐந்தாம் மாதம் அவர் ஒரு பிழையுமின்றி வாசித்து முடித்தார்.

“பாத்தீங்களா அண்ணே, என் சோம்பேறி முழிச்சுக்கிட்டான்!” என்று அவ்விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

நான் கைதட்டினேன். [இவ்வாக்கியத்தை மூன்று முறை நீக்கினேன். மூன்று முறையும் மீண்டும் எழுதினேன்.]

மறுநாளே ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்டார். ஈயத்தைப் பற்றிக் கணவர் சொல்வார் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்தார்.

4

அரங்கத்துப் பியானோ எவ்விரலுக்கும் இரங்காது. இசைத்தாளின் இரண்டாம் பக்கத்தில் மோதிரவிரல் நின்றது. மறுபடி தொடங்கினார், அதே இடத்தில் நின்றது. எழுந்து, சபையை வணங்கி, உள்ளே வந்தார். திரைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன்.

“விரல்ல ஒண்ணும் இல்லண்ணே. வீட்ல எப்படி ஓடுச்சு, நீங்களே பாத்தீங்கல்ல? பயம்தான். பயத்துக்கு மருந்து இருக்கு” என்றார்.

நான், “ஆமாங்கம்மா, அந்தப் பியானோ...”

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். பயம் போகும், அதனோடு நம்பிக்கையும் போகும்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அவர் இன்னொரு மேடையில், இதே பக்கத்தில் நிற்பார்.

முடிவு மூன்று: மாதந்தோறும் சிறிது சிறிதாக ஈயத்தை எடுத்துவிடுகிறேன். நோய் திரும்பியது என்று அவர் நம்புவார். இம்முடிவையே நான் பிழையின்றி எழுதினேன். ஆதலால் இதற்கே மிகவும் அஞ்சுகிறேன்.

இதோ, அவருடைய பியானோவின் முன் அமர்ந்திருக்கிறேன். அடுத்த மாதக் கச்சேரிக்கும் ஒப்புக்கொண்டுவிட்டாராம்.

“வேலைய விட்டுட்டு என்னண்ணே எழுதுறீங்க?”

“கதைங்கம்மா.”

“அட! முடிச்சிட்டுக் குடுங்க, படிக்கிறேன்.”

இந்நோட்டுப் புத்தகத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். எடுத்தவர் யார் என்பதை அறியேன். வேறு எவரேனும் எனில், மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்க. நீங்கள்தான் எனில், அம்மா, முன்பலகையைக் கழற்றி ஏதேனும் ஒரு கட்டையை உருவிப் பாருங்கள்.