பதினேழு திருத்தங்கள்

பல்கலைக்கழக வாசலில் இருக்கும் டைப்பிங் கடையில் இருபது வருடமாக அடுத்தவர்களின் ஆய்வேடுகளை அடித்துக் கொடுப்பவள் நான். இந்த வருடம் வட்டார மொழி, பண்பாட்டு முதுகலைப் படிப்புக்கு நானே விண்ணப்பித்தேன்.

நேர்காணலில் துறைத்தலைவர் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஆராய்ச்சி அனுபவம் ஏதாவது இருக்காம்மா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "உங்க ஆய்வேட்டை நான்தான் சார் அடிச்சேன். மீனவர் பேச்சுல பதினேழு சொல்லுக்குப் பொருள் தப்பா எழுதியிருந்தீங்க. எங்கப்பா படகுக்காரர். எல்லாத்தையும் திருத்தித்தான் அடிச்சேன்."

அவர் என் விண்ணப்பத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். "அந்தச் சொற்பட்டியலைத்தாம்மா தேர்வாளர் ரொம்பப் பாராட்டினாரு" என்றார்.

மறுநாள் சேர்க்கைப் பட்டியல், டைப் அடிக்க, வழக்கம்போல எங்கள் கடைக்கே வந்தது. முதல் பெயர் என்னுடையது. இருபது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் அடித்தேன்.