ஒன்றரை விரலுக்கு ஒரு பிடி

"கொண்டா இங்க, நான் அறுத்துத் தரேன்" என்று யாராவது கையை நீட்டினாலே நோலீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆப்பிள் விளையும் ஹுவான் பள்ளத்தாக்கில், ஓய்வுபெற்றவர்கள் கூடி மரவேலை செய்யும் அந்தப் பட்டறையின் பெயர்ப்பலகையில் இன்னும் 'ஆண்கள் பட்டறை' என்றுதான் எழுதியிருக்கிறது. பெண்களும் வரலாம் என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்து வருஷக்கணக்காகிறது. வந்து என்ன புண்ணியம்? அவள் ரம்பத்தை மரத்தில் வைப்பதற்குள் அங்கே வரும் கிழவர்களில் நெவிலோ டெஸ்ஸோ ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். ஒரு பலகையைக்கூட அவள் அங்கே முழுசாகத் தன் கையால் அறுத்ததில்லை.

அவள் வலது கையில் சுண்டுவிரல் கிடையாது, மோதிரவிரல் பாதிதான். சின்ன வயதில் ஆப்பிள் கட்டும் கொட்டகையில் இயந்திர பெல்ட்டு தின்றது போக மிச்சம் அது. கைரம்பத்தின் பிடியோ மூன்று விரலுக்குச் செய்தது. ஆள்காட்டி விரலைத் தகட்டோடு நீட்டிக்கொண்டு மற்ற மூன்றாலும் அழுந்தப் பிடிக்க வேண்டும். அவளிடம் அதற்கு இருப்பது ஒன்றரை விரல். மிச்ச இடத்தில் ரம்பம் ஆடும். கோடு ஒரு பக்கம் போகும், அறுப்பு ஒரு பக்கம் போகும். உடனே எவனாவது கையை நீட்டுவான். "சீ, எனக்கு வேண்டிய ரம்பத்த நானே செஞ்சுக்கறேன்" என்று ஒரு நாள் இறங்கிவிட்டாள்.

எஃகுத் தகடு வாங்கி வைஸ் இடுக்கியில் இறுக்கி, அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவினாள். முதல் தடவை பல் எலி கடித்த ரொட்டி மாதிரி வந்தது. எல்லாவற்றையும் தேய்த்துத் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிடிக்குத் தோட்டத்தில் விழுந்த கிழட்டு ஆப்பிள் மரம் இருந்தது. "விரல எடுத்தது ஆப்பிள்தான, அதுவே பதில் சொல்லட்டும்" என்று சிரித்துக்கொண்டே செதுக்கினாள். செதுக்குவதும் கையை விட்டுப் பார்ப்பதுமாகக் குளிர்காலம் முழுக்கப் போயிற்று. கடைசியில் ஒரு சாயங்காலம் ஒன்றரை விரலும் உள்ளே போக, பிடி அப்படியே கவ்விக்கொண்டது. ஆட்டமில்லை, அசைவில்லை.

மறுநாள் கண்புரை ஆபரேஷனுக்கு அவள் ஹோபார்ட் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிடிக்கு எண்ணெய் பூசிப் பட்டறை மேஜைமேல் வைத்தாள்.

"நெவில், இதத் தொடாதப்பா. எண்ணெய் காயணும். மிச்சத்த நானே வந்து பாத்துக்கறேன்."

"சரிம்மா, சரிம்மா. நீ கண்ணப் பாரு."

அங்கேதான் வந்தது வினை. அந்தப் பட்டறையில் வேண்டாம் என்று எவன் சொன்னாலும் அது வெறும் மரியாதைப் பேச்சு. "விடுப்பா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவனின் வேலையை மற்றவர்கள் கூடி முடித்துவைப்பதுதான் வழக்கம். செய்யாமல் விட்டால்தான் கெட்ட பெயர். நெவிலின் புல்வெட்டும் இயந்திரத்தை இப்படித்தான் பழுது பார்த்து வைத்தார்கள், மனுஷன் சந்தோஷத்தில் அழுதேவிட்டான்.

நோலீன் திரும்பி வந்தபோது தேநீர் தயாராக இருந்தது. தேங்காய்த்துருவல் தூவிய லாமிங்டன் கேக்குகூட வாங்கி வைத்திருந்தார்கள். மேலே மூடியிருந்த துண்டை விலக்கி நெவில் ரம்பத்தை எடுத்து நீட்டினான். மினுமினுவென்று, கடை ரம்பம் தோற்றது போங்கள்!

"பிடி அளவு பிசகிட்டியே நோலீன். சின்னப்பிள்ள பொம்ம மாதிரி இருந்துச்சு. உள்ள நல்லா கொடஞ்சு சரியான அளவுக்குக் கொண்டாந்துட்டோம்."

"பல்லுக்கும் ஒரு தடவ அரம் போட்டுட்டேன்" என்றான் டெஸ், கேக்கை மென்றுகொண்டே.

அவள் பிடிக்குள் கையை விட்டாள். தாராளமாக இடம் இருந்தது. ஒரு பலகையை எடுத்து இழுத்துப் பார்த்தாள். ரம்பம் கைக்குள் புரண்டது, அறுப்பு கோணிக்கொண்டு போயிற்று.

"கொண்டா இங்க, நான்..."

"நெவில்! வாய மூடு!"

எல்லோரும் கோப்பையும் கையுமாக நின்றுவிட்டார்கள்.

"தொடாதன்னு சொன்னேனா இல்லியா? தமாஷுக்கா சொன்னேன்? கொடஞ்ச மரத்த இப்ப எங்கருந்துய்யா ஒட்டவைப்ப? அளவு பிசகாம்ல! அந்த அளவுக்கு வர ஒரு குளிர்காலமே போச்சுய்யா எனக்கு!"

"நாங்க என்னம்மா கண்டோம்..."

"பாத்தாத்தான காணுவீங்க!" வலது கையை மேஜைமேல் அறைந்து விரித்தாள். "இத்தன வருஷத்துல ஒருத்தனாச்சும் இந்தக் கைய நேராப் பாத்திருக்கீங்களா? நான் சங்கடப்படுவேன்னு மூஞ்சியத் திருப்பிக்குவீங்க, அப்பறம் ரம்பத்த மட்டும் பிடுங்கிக்குவீங்க. பாருங்கய்யா இப்ப! நல்லாப் பாருங்க!"

டெஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நெவில் மட்டும் பார்த்தான். காது மடல் வரை சிவந்துபோயிற்று அவனுக்கு. "வலிக்குமா?" என்றான்.

"குளிர்ல வலிக்கும். இப்பவாச்சும் கேட்டியே."

அவள் திருகுகளைக் கழற்றி அந்த அழகான பிடியைத் தனியாக எடுத்து நெவிலின் பக்கம் தள்ளினாள். "இது உன் கைக்குச் செஞ்சது. நீயே வச்சுக்கோ." மூலையிலிருந்து வேறொரு ஆப்பிள் மரத் துண்டை எடுத்து வந்து போட்டு, அதன்மேல் வலது கையை வைத்தாள். இடது கையால் பென்சிலைப் பிடித்து விரலைச் சுற்றி வரைந்து பார்த்தாள். கோடு கோணல் மாணலாக ஓடியது. எரிச்சலோடு பென்சிலை நெவிலிடம் நீட்டினாள்.

"வரை."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். ஆள்காட்டி விரலைச் சுற்றினான், நடுவிரலைச் சுற்றினான். பாதி விரலுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் பென்சில் ஒரு முழு விரல் நீளத்துக்கு மேலே போகப் பார்த்தது.

"தாண்டிப் போவாத. அங்கயே முடிஞ்சிருது பாரு" என்றாள் நோலீன்.

நெவில் அந்த மொட்டை நுனியை ஒட்டிப் பென்சிலை வளைத்துக் கீழே கொண்டுவந்தான்.